புள்ளி வைத்த நாலு கதவுகள்

வானத்தில் இந்த நிமிஷம் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும் செயற்கைக்கோள்களில் நாலு, எங்கள் புளியந்தோப்பு பீம்ராவ் தன் கையால் செய்தவை. அமெரிக்காக்காரன் விட்டதும் ருஷ்யாக்காரன் விட்டதும் எதிரே வந்தால் இவற்றைப் பார்த்து ஒதுங்கித்தான் போகும்.

சரி, கூட்டித்தான் சொல்லிவிட்டேன். ஒதுங்கிப் போவதாவது மண்ணாவது. அவன் செய்தது செயற்கைக்கோளே அல்ல. அதை உள்ளே வைத்து மேலே அனுப்புகிற பெட்டி. செய்த இடமும் புளியந்தோப்பு இல்லை, திருவொற்றியூர். நாலு என்பதும் அதிகப்படி, மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றிலிருந்து இம்மியும் குறைக்க மாட்டேன்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து கடல் பக்கம் திரும்பும் ஒரு சந்தில் இருந்தது வேதமாணிக்கத்தின் பட்டறை. மூன்று லேத்து, ஒரு மில்லிங் மெஷின். அந்த மில்லிங் மெஷினுக்கு வேதமாணிக்கத்தின் அப்பா வயது. அது ஓட ஆரம்பித்தால் பக்கத்து வீட்டு அடுக்களையில் எவர்சில்வர் தட்டுகள் கூடச் சேர்ந்து பாடும். காசிமேட்டு விசைப்படகுகளுக்குத் தண்ணீர்ப் பம்பு, எண்ணூர்ப் பக்கத்துக் கம்பெனிகளுக்குச் சில்லறைச் சாமான் என்று ஓடிக்கொண்டிருந்தது பிழைப்பு. அங்கே இருபத்திரண்டு வருஷமாக பிட்டர் வேலை பார்த்தான் பீம்ராவ். மெஷின் வெட்டிப் போட்ட இரண்டு துண்டுகளை அரத்தால் ராவி, தேய்த்து, ஒன்றோடொன்று பொருந்த வைப்பது அவன் வேலை.

அவன் அப்பனின் பெயர் மண்ணாங்கட்டி. முன்னால் பிறந்தவை தங்காமல் போனதால், எமன்கூட ஏறெடுத்துப் பார்க்காத பெயராக வைத்துவிட்டார்கள். அந்த மனுஷன் ஆடு அறுக்கும் ஆட்டுத்தொட்டியில் தோல் சுமந்து வாழ்நாள் முழுக்க அந்தப் பெயரையும் சேர்த்துச் சுமந்தான். மகன் பிறந்த அன்றைக்கு, “எனக்கு வெச்ச மாதிரி இவனுக்கு எவனும் பேரு வெக்கக் கூடாது” என்று சொல்லி, அம்பேத்கரின் பெயரையே எடுத்து வைத்துவிட்டான். இப்படி வந்த பெயர் அது. பீம்ராவுக்கு அதன் மேல் ஒரு தனிக் கவனம் உண்டு. யாராவது ‘பீமாராவ்’ என்று நீட்டி எழுதினால் திருத்திக் கொடுக்காமல் நகர மாட்டான்.

அவன் விரல் நுனியைப் பற்றியும் ஒரு கதை உண்டு. தலைமயிரின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு மேடு இருந்தாலும் தடவிச் சொல்லிவிடுவானாம். பெண் பார்க்கப் போன இடத்தில் ரமாபாயின் ஒரு முடியை உருட்டிப் பார்த்துவிட்டு, “இன்னிக்கு எண்ணெ வெக்கல” என்றானாம். நான் இதை நம்பவில்லை. ரமாபாய் நம்பினாள், கல்யாணம் நடந்தது.

பீம்ராவிடம் ஒரு பட்டறைப் பழக்கம் இருந்தது. ஓர் உடம்பும் அதன் மூடியும் பொருந்தி வந்ததும், இரண்டின் ஓரத்திலும் கூர்முனைப் பஞ்ச்சை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. முதல் ஜோடிக்கு ஒரு புள்ளி, இரண்டாம் ஜோடிக்கு இரண்டு. பிறகு யார் பிரித்தாலும், யார் மாட்டினாலும் புள்ளியைப் பார்த்து மாட்டினால் போதும். பழைய மெஷினில் வெட்டிய சாமானை அச்சு அசலாக ஒரே அளவில் கொண்டுவர பிரம்மாவாலும் முடியாது. ஒவ்வொரு மூடியும் தன் உடம்புக்கு மட்டும்தான் பொருந்தும். “மூடி மாத்தி மாட்னா, பக்கத்து வூட்டுப் பொண்டாட்டியோட குடித்தனம் பண்ற மாதிரி. மொத நாளு நல்லாத்தான் கீது போலத் தெரியும்” என்பான் பீம்ராவ். ரமாபாய் பக்கத்தில் இல்லாதபோதுதான் சொல்வான்.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷக் கடைசியில் அந்தப் பட்டறைக்குள் இஸ்திரி கலையாத சட்டையோடு ஒருவர் வந்தார். பெயர் திருமுருகன். தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பேராசிரியர். அவருடைய ஆட்கள் நாலு சின்னச் செயற்கைக்கோள்கள் செய்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலம் அளவு. வேறு யாரோ அனுப்பும் பெரிய கோளோடு அதே ராக்கெட்டில், மிச்ச இடத்தில் இவையும் போகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு அலுமினியப் பெட்டி, அதற்கு ஒரு கதவு, உள்ளே ஒரு ஸ்பிரிங். மேலே போனதும் கதவு திறக்க வேண்டும், ஸ்பிரிங் உள்ளே இருப்பதை வெளியே தள்ள வேண்டும். வெறும் பெட்டி ராக்கெட்டின் கடைசித் துண்டோடு மேலேயே தங்கிவிடும். பெரிய கம்பெனிகள் இவ்வளவு சின்ன வேலையை எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டன.

“கத்திரிக்கா வாங்குனா கறிவேப்பிலை குடுக்கற மாதிரி. கொசுறு” என்றான் பீம்ராவ்.

திருமுருகனுக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை. இருந்தாலும் விளக்கினார். நாலும் ஒரே பாதையில், ஒன்றன்பின் ஒன்றாக, சில நிமிஷ இடைவெளி விட்டு ஓடும். முதலாவது வங்கக் கடலைப் படம் பிடிக்கும். அடுத்தது வந்து அதே இடத்தைப் பிடிக்கும். ஒரு படம் மேகம் எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டும். நாலையும் சேர்த்து வைத்தால் மேகம் எந்தப் பக்கம் கிளம்புகிறது என்று தெரியும். தனித்தனியாக அவற்றுக்கு மதிப்பில்லை, கூட்டாகத்தான்.

“எங்க பிளாட்ல தண்ணி லாரிக்கு நிக்கற மாதிரி சார். நாலு பொம்பளைங்க நாலு முனைல நிப்பாங்க. ஒருத்தி பாத்து அடுத்தவளுக்குக் கொரலு குடுப்பா. லாரி இந்தத் தெருவுக்கா, அந்தத் தெருவுக்கான்னு வர்றதுக்கு முன்னாலயே தெரிஞ்சிடும்.”

“எந்த பிளாட்?” என்று கேட்டார் திருமுருகன்.

“புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு சார்.”

“ஓ” என்றார். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று நான் படித்திருக்கிறேன். அந்த ‘ஓ’வுக்கு எத்தனை மாத்திரை என்று எந்த இலக்கணத்திலும் இல்லை.

கிளம்பும்போது அவர் ஒரு தாளை நீட்டினார். சாமானோடு கூடவே போக வேண்டிய தாள் அது. அதில் ‘செய்தவர் பெயர்’ என்று ஒரு கட்டம். வேதமாணிக்கம் வழக்கம்போலத் தன் பேனாவைத் திறந்தார்.

“உங்க பேர் இல்லைங்க. கை வெச்சுச் செய்யறவர் பேர். நாளைக்கு ஒண்ணுன்னா யாருன்னு தெரியணும்ல” என்றார் திருமுருகன்.

பீம்ராவ் காதில் விழுந்தது முதல் இரண்டு வாக்கியம்தான். இருபத்திரண்டு வருஷத்தில் அவன் பெயர் சம்பளப் பதிவேட்டைத் தவிர வேறு எந்தத் தாளிலும் ஏறியதில்லை. கையைத் துணியில் மூன்று தரம் துடைத்துக்கொண்டு, ‘ம. பீம்ராவ்’ என்று எழுத்தெழுத்தாக எழுதினான். அன்று சாயங்காலம் வீட்டில் ரமாபாயிடம், “எங்கப்பன் பேரும் சேந்து மேல போவுது” என்றான்.

“தாளு மேல போவாதுய்யா. சாமான்தான் போவும். தாளு பீரோவுல குந்திகினு இருக்கும்” என்றாள் ரமாபாய். நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தில் அவள் சத்துணவு சமைக்கிறவள். எந்தத் தாள் எந்த பீரோவுக்குப் போகும் என்பது அவளுக்குத் தெரியும்.

மூன்று மாதம் அந்த நாலு பெட்டிகளோடு வாழ்ந்தான் பீம்ராவ். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே நீல மையைத் தடவுவான், மூடித் திறப்பான், மை ஒட்டின மேட்டை மட்டும் எமரித் தாளால் தேய்ப்பான், மறுபடி மை. ஒரு கதவுக்கு இப்படி நூறு தரம். ஆயிரம் என்று சொல்ல நாக்கு துறுதுறுக்கிறது, நூறோடு நிறுத்துகிறேன். கடைசியில் ஊதினால் திறந்தது கதவு. மூன்றாவது பெட்டியின் வாய் ஒரு துளி சின்னது, நாலாவதின் வாய் ஒரு துளி பெரிது. அதற்குத் தகுந்தாற்போல மூன்றாவது கதவைக் குறுக்கியும் நாலாவது கதவை அகலமாகவும் விட்டிருந்தான். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று பெட்டியிலும் கதவிலும் புள்ளி வைத்தான்.

பார்வையிட வந்த திருமுருகன் கதவைத் திறந்து மூடிப் பார்த்து முகம் மலர்ந்தார். அடுத்த நிமிஷம் ஓரத்தில் விரல் வைத்து நின்றார்.

“இது என்ன காயம்?”

“காயம் இல்ல சார், புள்ளி. ஜோடி மாறாம இருக்கறதுக்கு.”

“வரைபடத்துல புள்ளி எங்க இருக்கு?”

“வரைபடத்துல இல்ல சார். அது பட்டறைப் பயக்கம். இந்தக் கதவு இந்தப் பொட்டிக்குத்தான் சேரும்.”

“நாலுக்கும் ஒரே வரைபடம்தானே குடுத்தேன்? எந்தக் கதவை எடுத்தாலும் எந்தப் பெட்டிக்கும் சேரணும். அதுக்குப் பேர்தான் இன்ஜினியரிங்.”

“பேப்பர்ல நாலும் ஒண்ணுதான் சார். அலுமினியத்துல நாலும் நாலு.”

வேதமாணிக்கம் பின்னாலிருந்து இருமினார். திருமுருகன் அவர் பக்கம் திரும்பி, குத்து விழுந்த சாமானை ராக்கெட்டுக்காரர்கள் தொடக்கூட மாட்டார்கள், இதைச் சுத்தமாக அழித்துக் கொடுத்தால்தான் வாங்கிக்கொள்வேன் என்றார்.

“அழிச்சுடு பீமு. அவுங்க படிச்சவங்க” என்றார் வேதமாணிக்கம்.

தான் வைத்த இருபது புள்ளிகளையும் தன் அரத்தாலேயே ராவி அழித்தான் பீம்ராவ். அழித்துவிட்டு, மனசு கேட்காமல் ஒவ்வொரு கதவையும் அதனதன் பெட்டியோடு நூலால் கட்டினான். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள். ரமாபாயின் தையல் டப்பாவிலிருந்து எடுத்து வந்த நூல்.

அடுத்து அந்தச் சாமான்கள் அம்பத்தூரில் ஒரு சாயத்தொட்டிக்குப் போயின. அலுமினியத்துக்கு மேல்பூச்சு ஏற்றும் இடம் அது. அங்கிருந்து நேராகக் கல்லூரிக்குப் போய்விட்டன என்று கேள்விப்பட்டதும் பீம்ராவ் சாயத்தொட்டிக்காரனுக்கு போன் போட்டான்.

“நூலா? நூலோட எப்படிண்ணே தொட்டில முக்குறது? அறுத்துப் போட்டுட்டோம். எட்டும் ஒரே கூடைல நல்லபடியா போயிட்ச்சு” என்றான் அவன்.

மறுநாள் காலை நீல மை டப்பாவும் சின்ன அரமும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறித் தாம்பரம் தாண்டிப் போய், கல்லூரி கேட்டில் நின்றான் பீம்ராவ். மூன்று நாள் நின்றான் என்று மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் ஒரு பகல். ஆனால் பங்குனி மாசத்துப் பகல்.

“பேரு லிஸ்டுல இருக்கா?” என்று கேட்டான் காவலாளி.

“பேரு தாளுலயே கீதுபா. செய்தவர் பெயர்னு கட்டம் போட்டு.”

“அது சாமானோட தாளு. உள்ள வர்ற ஆளோட தாளு வேற.”

சாயங்காலம் திருமுருகனின் கார் வெளியே வந்தது. பீம்ராவ் ஓடிப்போய்க் கண்ணாடிப் பக்கம் குனிந்தான்.

“சார், நாலு கதவும் கலந்துட்ச்சு. ஒரு மணி நேரம் உள்ள வுடுங்க சார். தொட்டுப் பாத்தே சொல்லிடுவேன்.”

“எல்லாம் மாட்டியாச்சு பீம்ராவ். நாலும் திறக்குது, மூடுது. அருமையா இருக்கு.”

“இப்ப தொறக்கும் சார். மேல போனா குளுருன்னு நீங்கதான சொன்னீங்க. ஒண்ணு எறுக்கமா கீது, கண்டிப்பா. குளுர்ல புடிச்சிக்கும் சார்.”

“நல்லா செஞ்சிருக்கீங்க. வீணா உங்க வேலைய நீங்களே சந்தேகப்படாதீங்க” என்று சிரித்தார் திருமுருகன். கண்ணாடி ஏறியது.

ராக்கெட் விட்ட அன்று காலையில் ஹவுசிங் போர்டு மொட்டை மாடி முழுக்க ஜனம். புளியந்தோப்பிலிருந்து பார்த்தால் வடக்கே, ஸ்ரீஹரிகோட்டா திசையில், ஒரு வெள்ளைக் கோடு வளைந்து ஏறுவது தெரியும். பக்கத்து வீட்டுச் சொக்கம்மாள், “இன்னாடா பீமு, உன் டப்பாவா போவுது? கீய விய்ந்தா எங்க வூட்டு மேல போடாதடா” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. கோடு மறைந்த பிறகும் வடக்கையே பார்த்துக்கொண்டு நின்றான். ‘மூணாவது பொட்டில நாலாவது கதவு மட்டும் இருக்கக் கூடாது’ என்று அவன் முணுமுணுத்ததை ரமாபாய் கேட்டாள்.

இரண்டு நாளில் செய்தி வந்தது. மூன்று கோள்கள் வெளியே வந்து பேச ஆரம்பித்துவிட்டன. ஒன்று பேசவில்லை. அதன் கதவு திறக்கவில்லை. ஆனால் மூன்றை வைத்தே மேகத்தின் போக்கைச் சொல்ல முடிகிறது, எனவே பெரும் வெற்றி என்று பத்திரிகையில் போட்டார்கள். கல்லூரியின் பெயர், முதல்வர் பெயர், திருமுருகன் பெயர், பதினோரு மாணவர்கள் பெயர். ரமாபாய் அந்தப் பக்கத்தை விளம்பரம் உள்பட இரண்டு தரம் படித்தாள். அதில் பீம்ராவ் இல்லை.

பதினைந்து நாள் கழித்து அவனை வரச் சொல்லி ஆள் வந்தது. அன்று மூடியிருந்த கேட் இன்று அவன் பெயரைச் சொன்னதுமே திறந்தது. குளிரூட்டிய அறையில் மேஜைக்கு அந்தப் பக்கம் நாலு பேர், அதில் ஒருவர் திருமுருகன். இந்தப் பக்கம் வேதமாணிக்கமும் பீம்ராவும். வழியெல்லாம் வேதமாணிக்கம் ஒரே விஷயத்தைத்தான் பேசிக்கொண்டு வந்திருந்தார்: அடுத்து ஆறு கோள்கள் அனுப்பப் போகிறார்கள், ஆறு பெட்டி வேலை நம் பட்டறைக்கே வரும்.

மேஜை மேல் பழைய தாள் இருந்தது. “ம. பீம்ராவ். இது உங்க கையெழுத்துதானே?” என்று கேட்டார் நடுவில் இருந்தவர்.

“ஆமா சார்.”

“ஒரு பெட்டியோட கதவு இறுகிப் போயிருக்கு. நீங்க பொருத்தினது.”

அந்தப் பெட்டியை அனுப்புவதற்கு முன் எடுத்த படத்தைக் கேட்டான் பீம்ராவ். பெரிதாக அச்சடித்த படம் கைக்கு வந்தது. பெட்டியின் ஓரத்தையும் கதவின் ஓரத்தையும், படத்தின் மேலேயே விரலை ஓட்டிப் பார்த்தான். நாலு புள்ளி அழித்த இடம் மூன்று புள்ளி அழித்த இடத்தைவிட அரை விரற்கடை நீளமாக இருக்கும். அவன் அரம் போன தடத்தை அவனுக்குத் தெரியாதா?

“இது நாலாவது கதவு சார். அகலமான கதவு. மூணாவது பொட்டில மாட்டிகீறாங்க. பாருங்க, ராவுன எடம் நீட்டா கீது.”

“கதவுல எண் எதுவும் இல்லையே” என்றார் திருமுருகன், படத்தைப் பார்க்காமல்.

“நீங்கதான சார் அழிக்கச் சொன்னீங்க.”

நடுவில் இருந்தவர், “புள்ளி இருந்ததாவோ, அழிக்கச் சொன்னதாவோ எழுத்துல ஏதாவது இருக்கா?” என்றார். எழுத்தில் இல்லை. அவர் வேதமாணிக்கத்தின் பக்கம் திரும்பி, “நீங்க அப்ப கூட இருந்தீங்களா?” என்று கேட்டார்.

வேதமாணிக்கம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் நிதானமாகத் துடைத்தார். “எனக்கு ஞாபகம் இல்லீங்க” என்றார்.

இருபத்திரண்டு வருஷத்தில் எந்த நட்டு எந்தப் படகுக்குப் போனது என்று நோட்டைப் பார்க்காமல் சொல்கிற மனிதர் அவர்.

அறிக்கையில் ஒரே ஒரு வரி பீம்ராவைப் பற்றி இருந்தது: ‘பொருத்துநர் ம. பீம்ராவின் கவனக்குறைவு.’ மண்ணாங்கட்டியின் முதலெழுத்தோடு, நீட்டல் இல்லாமல், பிழையே இல்லாமல் எழுதியிருந்தார்கள். வெற்றிக்குப் பதினாலு பெயர், தோல்விக்கு ஒரே பெயர். கொஞ்ச நாள் வீட்டில் இரு என்று வேதமாணிக்கம் நயமாகச் சொன்னார். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. ஆறு பெட்டி வேலை கோயம்புத்தூருக்குப் போனது. திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, எண்ணூர் என்று பீம்ராவ் ஏறி இறங்கிய பட்டறைகளில், “ராக்கெட்டக் கெடுத்தவன் நீதான?” என்று கேட்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள்.

இப்போது அவன் அப்பன் தோல் சுமந்த அதே ஆட்டுத்தொட்டி வாசலில் கத்திக்குச் சாணை பிடிக்கிறான். கறிக்கடைக்காரர்களின் கத்திகள் எல்லாம் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். கழற்றித் தீட்டினால் பிடி மாறிவிடும் என்று, இவன் பிடியிலும் இரும்பிலும் புள்ளி வைக்கிறான். கறிக்கடை சாபிரா வந்து, “ராக்கெட்டு, எனுக்கு எத்தினி புள்ளி?” என்பாள். “ஏழு” என்பான், தலை தூக்காமல். அவனுக்குப் பெயர் ராக்கெட்டு ஆகிவிட்டது. பீம்ராவ் என்று கூப்பிடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். யாரையும் அவன் திருத்துவதில்லை.

இத்தனையும் எழுதி, ரமாபாயிடம் படித்துக் காட்டினேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். ‘ஞாபகம் இல்லீங்க’ என்ற இடத்தில் அவள் கை நின்றது, மறுபடி ஓடியது. முடிந்ததும் முறத்தைத் தட்டினாள்.

“எல்லாம் சரிதான் டீச்சரம்மா. ஆரம்பத்துல மூணுன்னு மாத்திகீறீங்களே, அதான் தப்பு. அவரு செஞ்சது பொட்டிதான? பொட்டி நாலும் மேலதான் கீது. மூணு வாயத் தொறந்துகினு சுத்துது, ஒண்ணு மூடிகினு சுத்துது. நாலுன்னே போடுங்க. அழிக்கறதுக்குத்தான் அவுங்க கீறாங்க.”